கேட்க ஆளில்லாத பாலம்

எங்கள் தோட்டத்துப் பாலத்தில் போலீஸ் போட்டிருந்த தடைக்கம்பை எடுத்த அன்று லயத்தில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அழுதது என் அக்கா ஒருத்திதான். அவளுக்குப் பைத்தியம் என்று சொன்னவர்கள் உண்டு. அப்படிச் சொன்னவர்களோடு நான் வாய்ச்சண்டை போட்டிருக்கிறேன், ஒருத்தியின் முடியைப் பிடித்து இழுத்துமிருக்கிறேன். இப்போது எனக்கு வயதாகிவிட்டது, இழுக்கக் கையில் வலுவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தோட்டம் பூண்டுலோயாவுக்கு மேலே. ரோடு ஒரு சின்னப் பாலத்தைத் தாண்டித்தான் எங்கள் மலைக்கு ஏறும். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்களக் கிராமம், இந்தப் பக்கம் நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகள், எங்கள் லயங்கள். தோட்டத்துத் தேயிலையில் ஒரு துண்டு கிராமத்துக்கு மேலேயும் இருந்தது. அங்கே வேலை போட்டால் நாங்கள் பாலத்தைக் கடந்து போவோம். கிராமத்துப் பெண்கள் பலாக்காயும் வெற்றிலையும் எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து லயத்துக்கு வருவார்கள். வாசல் திண்ணையில், எங்கள் பேச்சில் இஸ்தோப்பில், உட்கார்ந்து எங்களிடம் பிளேன்டீ வாங்கிக் குடிப்பார்கள். அவர்களுடைய தமிழை நாங்கள் கேலி செய்வோம், எங்களுடைய சிங்களத்தை அவர்கள் கேலி செய்வார்கள். அந்தப் பாலம் ஒரு எல்லை என்று அரசாங்கம் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

ஐம்பத்தெட்டில் கலவரம் வந்தது. கீழ்நாட்டில் என்னென்னவோ நடக்கிறது என்று ரயில் வழியாகப் பேச்சு வந்தது. பிறகு லொறியில் ஆட்கள் வந்தார்கள். எங்கள் கிராமத்துக்காரர்கள் இல்லை, எங்கிருந்தோ வந்தவர்கள். சந்தியில் இருந்த கடையைக் கொளுத்தினார்கள், கீழே இருந்த எங்கள் பணிய லயத்தின் கூரையிலும் நெருப்பு வைத்தார்கள். எங்கள் பையன்கள் பாலத்தில் நின்று கல்லெறிந்தார்கள். அந்தப் பக்கமிருந்தும் கல் வந்தது. அதற்கப்புறம்தான் அவசரகாலச் சட்டம் என்றார்கள், ஜீப் வந்தது, துப்பாக்கி வந்தது. பாலத்தடியில் நாங்கள் கொழுந்து நிறுக்கிற மடுவத்தைப் போலீஸ்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு நீளமான சவுக்கு மரக் கம்பை ரோட்டுக்குக் குறுக்கே போட்டு, ஒரு முனையில் கல்லைக் கட்டித் தூக்கி இறக்கினார்கள். எல்லாம் எங்களைப் பாதுகாக்கத்தான் என்று சொன்னார்கள். நாங்களும் நம்பினோம். முதல் நாள் அக்காவே ஒரு குடத்தில் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பாதுகாப்பு எப்படி இருந்ததென்றால், கொழுந்துக் கூடைக்குள் கம்பியை விட்டுக் குத்திப் பார்ப்பார்கள். ஆம்பளைகள் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். பொம்பளைகள் தலையில் போட்ட கம்பளியை இறக்க வேண்டும், மழை பெய்தாலும். கிராமத்துப் பெண்கள் வருவது நின்றுபோனது. வெற்றிலை இல்லாமல் கிழவிகள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது.

அக்காவின் புருஷனை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். அவர் கவ்வாத்து வெட்டுகிறவர். வளர்ந்த தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டி விடுகிற வேலைதான் கவ்வாத்து. ஆம்பளைகள் செய்வது. அதற்கென்று வளைந்த கத்தி உண்டு, அவரவர் கத்தி அவரவருக்கு. அத்தான் தன் கத்தியை வேறு யாரையும் தொட விடமாட்டார். சாயங்காலம் இஸ்தோப்பில் குந்திக்கொண்டு கல்லில் தீட்டுவார், கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பார், மறுபடியும் தீட்டுவார். "பொண்டாட்டி மொகத்தக்கூட இம்புட்டு நேரம் பாக்க மாட்டாரு" என்று அக்கா சொல்வாள். அவர் சிரிப்பார். அதிகம் பேசாத மனிதர். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகி இரண்டு தீபாவளிதான் போயிருந்தது.

போலீஸ் வந்து கொஞ்ச நாளில், கிராமத்துக்கு மேலேயிருந்த அந்தத் துண்டில் கவ்வாத்து வேலை போட்டார்கள். காலையில் கத்தியோடு போனவர்களைப் போலீஸ்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானத்துக்கு மேல் ஒரு புது உத்தரவு வந்திருந்தது. யாரும் ஆயுதத்தோடு பாலத்தைக் கடக்கக் கூடாது. கங்காணி மலையில் நிரை நிரையாகப் போய், கத்தியைச் செடிக்கு அடியில் வைத்துவிட்டுச் சும்மா இறங்குங்கள் என்று சொன்னார். கங்காணி எங்களுக்குப் பெரியப்பா முறை. அத்தான் உச்சி நிரையில் இருந்தார். பனி மூடியிருந்தது. சத்தம் அங்கே போய்ச் சேரவில்லை என்று சிலர் சொன்னார்கள். கேட்டது, ஆனால் தீட்டின கத்தியை மழையில் போட்டுவிட்டு வர அவருக்கு மனசு வரவில்லை என்று வேறு சிலர் சொன்னார்கள். எது உண்மை என்று எனக்குத் தெரியாது. இரண்டுமே அவருக்குப் பொருந்தும்.

பாலத்தில் மற்றவர்கள் வெறுங்கையோடு வரிசையில் நின்றார்கள். இவர் கையில் மட்டும் கத்தி. நானும் அக்காவும் இந்தப் பக்கம் கூடையை இறக்கிவிட்டு நின்றுகொண்டிருந்தோம், அதனால் எல்லாவற்றையும் பார்த்தேன். போலீஸ்காரன் கத்தியைக் கேட்டான். அத்தான் அலகைத் தன் கையில் பிடித்துக்கொண்டு பிடியை அவன் பக்கம் நீட்டினார். மரியாதைக்காரர். கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"நாளைக்கு வேலைக்கு வேணுங்க ராளாமி. காலையில தந்துருவீங்களா?"

அவ்வளவுதான் கேட்டார். ராளாமி என்றால் போலீஸ்காரர்களை நாங்கள் மரியாதையாகக் கூப்பிடுவது. அந்த ராளாமிக்குத் தமிழ் தெரியாது. கத்தியைப் பற்றி இவன் ஏதோ எதிர்த்துப் பேசுகிறான் என்று நினைத்தானோ என்னவோ, கன்னத்தில் அறைந்தான். ஜீப்பில் ஏற்றினார்கள். அத்தான் திரும்பி அக்காவைப் பார்த்து, போய்ச் சோறாக்கு என்கிற மாதிரி கையைக் காட்டினார். அக்கா போய்ச் சோறாக்கினாள்.

அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

நாங்கள் டவுன் ஸ்டேசனுக்குப் போனோம். இங்கே வைத்திருந்தோம், வேறு ஸ்டேசனுக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். அந்த ஸ்டேசனில் அப்படி யாரும் வரவில்லை என்றார்கள். அடுத்த தடவை போனபோது டவுனிலேயே பேச்சை மாற்றிவிட்டார்கள். அன்றைக்கே விட்டுவிட்டோம், பயத்தில் இந்தியாவுக்கு ஓடியிருப்பான் என்றார்கள். கட்டியிருந்த சாரமும் சட்டையும் தவிர ஒன்றுமில்லாத மனிதர், பொண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கடல் தாண்டிப் போய்விட்டாராம். கேட்டுக்கொண்டு நிற்கும்போதே எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அக்கா அந்த ஆளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் அவள் டவுனுக்கு வர மாட்டேன் என்றுவிட்டாள். "கூட்டிட்டுப் போனது பாலத்துல. பாலத்துலதான் கேக்கணும்" என்றாள். தினமும் வேலை முடிந்து கூடையை இறக்கியதும் கம்புக்கு முன்னால் போய் நிற்பாள். நானும் கூடப் போவேன். நான் போவதற்கு ஒரு காரணம் உண்டு. போலீஸ்காரர்கள் முதலில் கேட்பது பேர்தான். அக்கா அந்தப் பேரைச் சொல்ல மாட்டாள். எங்கள் பக்கத்தில் எந்தப் பொம்பளையும் புருஷன் பேரைச் சொல்வதில்லை, சொன்னால் அவர் ஆயுசு குறையும். புருஷன் அடுப்படியில் உட்கார்ந்திருக்கும்போதே சொல்லப் பயப்படுகிற பேர். எங்கேயிருக்கிறார், எப்படியிருக்கிறார் என்று தெரியாத நேரத்தில் எந்தப் பொண்டாட்டிக்கு வாய் வரும்? அதனால் அக்கா கேள்வி கேட்பாள், நான் பேரைச் சொல்வேன். போலீஸ்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, "ஹெட்ட" என்பார்கள். நாளைக்கு. அந்த ஒரு சிங்களச் சொல்லை அக்கா அளவுக்குக் கேட்டவர்கள் இந்த நாட்டில் இருக்க மாட்டார்கள்.

நாட்டில் நெருப்பு அடங்கியது. அவசரகாலச் சட்டத்தை எடுக்கப்போகிறார்கள் என்று ரேடியோவில் சொன்னதாகக் கடைக்காரர் சொன்னார். முதலில் ஜீப் போனது. பிறகு துப்பாக்கிக்காரர்கள் போனார்கள். அக்கா ஒவ்வொன்றையும் கவனித்தாள். அத்தானை அறைந்தவன் போய்விட்டான். ஜீப் ஓட்டியவன் போய்விட்டான். பழைய ஆட்கள் போகப்போகக் கேட்பதற்கு ஆள் குறைந்துகொண்டே வந்தது. மற்றவர்களுக்கு அது நல்ல காலம் பிறக்கிற அறிகுறியாகப் பட்டது. அவள் கம்புக்கு முன்னால் இன்னும் கூடுதல் நேரம் நின்றாள்.

அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் விசாரணைக்கு வந்தார். கலவர நேரத்தில் போலீஸ் எப்படி நடந்துகொண்டது, காவல் இன்னும் தேவையா என்று தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கேட்டு அறிக்கை கொடுக்கிறவர். நல்ல காரியம்தான். ஆனால் அதை அவர்கள் நடத்திய விதத்தைச் சொல்ல வேண்டும்.

ஆட்களைக் கூப்பிடத் தப்படித்தார்கள். விடியலில் ஆட்கள் வந்து கூடுகிற பெரட்டுக்குத் தப்படிப்பார்கள், இல்லாவிட்டால் சாவுக்கு அடிப்பார்கள். வெயில் ஏறின நேரத்தில் தப்புச் சத்தம் கேட்டதும் யாரோ செத்துப்போனார்கள் என்றே நாங்கள் நினைத்தோம். பாதிப் பேர் மாரடித்துக்கொண்டு இறங்கினார்கள். பெரட்டுக்களத்தில் போய் நின்ற பிறகுதான் விஷயம் தெரிந்தது. கொழுந்து முற்றிப்போகும் என்று, மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா கத்தினார். வீட்டுக்கு ஒரு ஆள் நின்றால் போதும், மற்றவர்கள் மலைக்கு ஏறுங்கள் என்று உத்தரவு. அக்காதான் நிற்க வேண்டும், அவள்தானே பாதிக்கப்பட்டவள். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். பேர் சொல்கிற ஆள் மலையேறிவிட்டாள் என்று அந்த நேரத்தில் எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

பெரட்டுக்களம் என்பது ஆட்கள் காலையில் வந்து வரிசையாக நின்று, இன்றைக்கு எந்த மலை, என்ன வேலை என்று கேட்டுக்கொள்கிற இடம். அங்கே ஆட்கள் வாய் திறக்கக் கூடாது. யாருக்குக் காய்ச்சல், யார் வரவில்லை, எல்லாவற்றையும் கங்காணிதான் சொல்வார். தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். அந்தக் களத்தில், அதே வரிசையில், அதே கங்காணிகளுக்குப் பின்னால் எங்கள் ஆட்களை நிற்க வைத்து, போலீஸ் மேல் யாருக்காவது குறை இருந்தால் பயப்படாமல் சொல்லுங்கள் என்று கேட்டால் யார் சொல்வார்கள்? ஒரு மரத்தடியில் உட்கார வைத்துக் கேட்டிருந்தால் எங்கள் கிழவிகள் அன்றைக்கு அவர் காதைத் தின்றிருப்பார்கள்.

நான் மேலே நிரையில் நின்று பார்த்தேன். பெரிய மனிதரின் வெள்ளைத் தொப்பி தெரிந்தது, பக்கத்தில் கண்டாக்கையாவின் குடை தெரிந்தது. சத்தம் எட்டவில்லை. பொம்பளைகள் வரிசையிலிருந்து ஒரு சிவப்புச் சேலை மட்டும் முன்னால் வந்தது. அக்காதான். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். கையை நீட்டிக் கோயில் பக்கம் காட்டினாள். பிறகு வரிசைக்குத் திரும்பினாள். சொல்லிவிட்டாள், கேட்கிற ஆள் கேட்டுவிட்டார் என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அன்று சாயங்காலம் வரை பாட்டுப் பாடிக்கொண்டு கொழுந்து எடுத்தேன். என் கூடைதான் முதலில் நிறைந்தது.

நடந்ததை அவள் ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோதுதான் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரர பாலத்துல வச்சுப் புடிச்சுட்டுப் போனாங்க, இன்னும் வரலன்னு சொன்னேன்டி. கண்டாக்கையா அத இங்கிலீசுல சொன்னாரு. அந்தத் தொரை நல்லாத்தான் கேட்டாரு. பேரென்னன்னு கேட்டாரு."

"சொன்னியா?"

"எப்பிடிச் சொல்றது? மலமேல இருக்கிற சாமி பேருங்கன்னு கோயிலக் காட்டுனேன். கண்டாக்கையா என்ன சொன்னாரோ, தொரை சிரிச்சாரு. மறுபடியும் பேரக் கேட்டாரு. நான் பெரியப்பா மொகத்தப் பாத்தேன்."

வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அந்தப் பேர் தெரியும். அத்தானோடு ஒரே நிரையில் கவ்வாத்து வெட்டியவர்கள் அங்கே நின்றார்கள். பெரட்டில் கங்காணிதானே பேச வேண்டும் என்று எல்லோரும் கங்காணியின் முதுகைப் பார்த்தார்கள். கங்காணி தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னாராம்:

"அவன் ஊருக்குப் போயிட்டானுங்க தொரை. இந்தியாவுக்கு. இந்தப் புள்ள வெவரமில்லாமப் பேசுது."

பெரிய மனிதர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டாராம்.

நான் கைகழுவாமல் எழுந்து கங்காணி வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று, பெரியப்பா என்றும் பார்க்காமல், வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"பாலத்துல கல்லெறிஞ்ச பயலுக எல்லாம் நம்ம லயத்துலதான் இருக்கானுங்க" என்றார். "ஒருத்தனத் தோண்டுனா மிச்ச பேரையும் தோண்டுவாங்க. போனவனுக்காக இருக்கிறவனக் குடுக்கச் சொல்றியா?"

"போனவருன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

பெரியம்மா கதவைச் சாத்தினாள். அவர் பயந்தவர், கெட்டவர் இல்லை. இன்றைக்கு எனக்கு அது புரிகிறது. புரிந்ததனால் மன்னித்துவிட்டேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விசாரணையின் முடிவு எங்களுக்கும் சொல்லப்பட்டது. தோட்டத்தில் போலீஸ் மேல் ஒரு குறையும் இல்லை, ஆட்கள் அமைதியாக இருக்கிறார்கள், ஆகவே பாலத்தில் காவல் தேவையில்லை. ஊமையாக நின்றதற்குக் கிடைத்த பரிசு.

கடைசியாக ஒரேயொரு வயதான சிங்களப் போலீஸ்காரர் மட்டும் மடுவத்தில் இருந்தார். கலவரமெல்லாம் முடிந்த பிறகு மாற்றலாகி வந்தவர். கம்பைத் தூக்கியே வைத்திருப்பார். மடுவத்துக்குப் பின்னால் கறிக்குப் போஞ்சிக்கொடி போட்டிருந்தார். கிராமத்துப் பெண்கள் மறுபடியும் வெற்றிலைக் கூடையோடு வர ஆரம்பித்தது அவர் காலத்தில்தான். அக்கா போனால் அவர் மட்டும் "ஹெட்ட" என்று சொல்ல மாட்டார். ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும்.

அவர் கிளம்புகிற நாள் வந்தது. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு விளக்கு, அவ்வளவுதான் சாமான். லயத்துப் பையன்கள் கம்பை அவிழ்த்துக் கீழே தள்ளினார்கள். பெரியவர்கள் கைதட்டினார்கள். யாரோ தேங்காய்கூட உடைத்தார்கள். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"போவாதீங்க ராளாமி. நீங்களும் போயிட்டா நான் யாருகிட்ட கேப்பேன்?"

கைதட்டல் நின்றது. அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. "நங்கி, நானும் ஸ்டேசன்ல கேட்டது. பெரிய ஐயாகிட்டயும் கேட்டது. அந்த நாள் பத்தி ஒருத்தரும் பேச விருப்பம் இல்ல. ஒனக்குப் பொய் சொல்லிப் போக எனக்கு ஏலாது" என்றார். நங்கி என்றால் தங்கச்சி. அவள் கையை ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டு லொறியில் ஏறிப் போனார். கலவரம் தொடங்கி அதுவரைக்கும் எங்களிடம் அரசாங்கத்துப் பக்கமிருந்து உண்மை பேசியது அவர் ஒருத்தர்தான். அவருக்கும் அந்த இடத்தில் வேலை இல்லாமல் போனது.

கம்பை எடுத்த பிறகும் எங்கள் ஆட்கள் அந்த இடம் வந்ததும் நின்றார்கள். ஆம்பளைகள் தலைத்துண்டை அவிழ்த்தார்கள், பொம்பளைகள் கம்பளியை இறக்கினார்கள். எதிரே ஒன்றுமில்லை, ஆறு ஓடுகிறது, போஞ்சிக்கொடி காய்ந்து கிடக்கிறது. இருந்தாலும் கால் தானாக நிற்கும். நான் பார்த்துப் பார்த்துச் சிரிப்பேன். ஒருநாள் என் கையும் கம்பளியை இறக்கியதைக் கண்டு சிரிப்பை விட்டுவிட்டேன்.

மடுவம் மறுபடியும் கொழுந்து நிறுக்கிற மடுவமானது. போலீஸ்காரர்கள் உட்கார்ந்திருந்த மேசையில்தான் தராசுக்காரர் உட்கார்ந்தார். அக்கா கூடையை நிறுத்துவிட்டு எல்லோரும் போன பிறகும் அங்கேயே நிற்பாள். யாரையும் ஒன்றும் கேட்க மாட்டாள், சும்மா நிற்பாள். தாலியைக் கழற்றச் சொன்னார்கள் சிலர். கழற்ற வேண்டாம், ஆனால் நல்ல காரியத்துக்கு முன்னால் வர வேண்டாம் என்றார்கள் வேறு சிலர். என் கல்யாணத்தில் அவள் அடுப்படியிலேயே இருந்துவிட்டாள். வெளியே வா என்று நான் கூப்பிட்டேன், அழுதேன்கூட. வரவில்லை. நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு புகைக்குள் உட்கார்ந்து அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

வருஷங்கள் போயின. அறுபதுகளில் வேறு விதமான பேச்சு வந்தது. எங்களில் பாதிப் பேரை இந்தியாவுக்கு அனுப்பப் போகிறார்கள் என்றார்கள். யார் போவது, யார் இருப்பது என்று எங்களைத் தவிர எல்லோரும் பேசினார்கள். அதோடு கள்ளத்தோணி தேடுவதும் பலமானது. கடல் வழியாகக் களவாக வந்தவர்கள் தோட்டங்களில் ஒளிந்திருக்கிறார்களாம், பிடிக்க வேண்டுமாம். டயகம பக்கம் தேடுகிறார்கள், வட்டவளையில் ஸ்டேசனில் இறங்கியவர்களைப் பிடித்தார்கள் என்று ஒவ்வொரு நாளும் ஒரு செய்தி. ஒருநாள் காலையில் நாங்கள் வேலைக்கு இறங்கினபோது பாலத்தில் மறுபடியும் ஒரு கம்பு. மடுவத்தில் காக்கிச்சட்டைகள். எல்லாம் சின்ன வயது, கலவரம் நடந்தபோது பள்ளிக்கூடம் போயிருக்கும் பிள்ளைகள்.

லயமே நடுங்கியது. கையில் துண்டுக் காகிதம்கூட இல்லாதவர்கள் சவுக்குக் காட்டுக்குள் ஏறிப் படுத்துக்கொண்டார்கள். இங்கேயே பிறந்தவர்களும் ஏறினார்கள். கங்காணி வாதம் வந்து படுக்கையில் கிடந்தார், அவரையும் தூக்கி ஒளித்து வைக்கச் சொன்னாராம்.

அக்கா தலைக்குக் குளித்தாள். தலை வாரிப் பொட்டு வைத்தாள். கூரைக்கடியில் சாமான் போடுகிற அட்டாலியிலிருந்து பெட்டியை இறக்கி, நல்ல சேலையை எடுத்துக் கட்டினாள்.

"எங்கக்கா போற?"

"ஆளு வந்திருக்காங்கடி. கேட்டுட்டு வந்துர்றேன்."

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கலவரத்துக்குப் பிறகு நான் பார்த்ததில்லை. என் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அவள் கம்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். தமிழ் தெரிந்த ஒரு போலீஸ்காரன் அவளிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"புருசன் எங்க?"

"அதத்தான் ஒங்ககிட்டக் கேக்க வந்தேன் ராளாமி."

"பேரு?"

பழக்கத்தில் நான் வாயைத் திறந்தேன். அக்கா கையைத் தூக்கி என்னைத் தடுத்தாள். தாலியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அவளே சொன்னாள். முதல் தடவை. அந்தப் பேர் அவள் வாயில் பழகாத பேராக, பிள்ளை மழலையில் சொல்வதைப் போல, எழுத்து எழுத்தாக வந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள், சத்தமாகச் சொன்னாள். இனிமேல் குறைவதற்கு அவருக்கு ஆயுசு மிச்சமில்லை என்று அவள் முடிவு செய்துவிட்டாளோ, அல்லது பேர் சொல்லாமல் போனதால்தான் அன்றைக்கு எல்லாம் கெட்டது என்று நினைத்தாளோ, நான் கேட்கவில்லை.

போலீஸ்காரன் உள்ளே போய் மற்றவர்களோடு பேசினான். தோட்டத்து ஆபீசுக்கு ஆளை அனுப்பிக் கேட்டார்கள். ஆபீசில் சொன்னது கங்காணி அன்று சொன்னதுதான். இந்தியாவுக்குப் போனவன். அப்படியென்றால் பொண்டாட்டி நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து விசாரிக்கிறாளே, ஏன்? அவன் திரும்பி வந்திருக்கிறான். களவாகத் தோணியில் வந்திருக்கிறான். எங்கேயோ ஒளித்து வைத்துக்கொண்டு நோட்டம் பார்க்க வந்திருக்கிறாள். அவர்களுடைய கணக்கில் அது சரியாகத்தான் வந்தது.

மறுநாள் விடிந்ததும் வந்தார்கள். அக்கா இருந்த ஒற்றையறைக் காம்பராவைச் சுற்றி நின்றார்கள். லயத்தில் எல்லாக் கதவும் சாத்திக் கிடந்தது. நான் மட்டும் இஸ்தோப்பில் நின்றேன். தமிழ் தெரிந்தவன் அந்தப் பேரைச் சொல்லி, "வெளிய வா" என்று கத்தினான். அக்கா திடுக்கிட்டுத் திரும்பி உள்ளே பார்த்தாள். நான் அந்தப் பார்வையைப் பார்த்தேன்.

உள்ளே போனார்கள். கட்டிலைப் புரட்டினார்கள், விறகை இழுத்துப் போட்டார்கள், சாக்குகளைக் கம்பியால் குத்தினார்கள். வெளிச்சம் போதாத அறை அது. அக்கா குப்பி விளக்கைப் பற்ற வைத்துக்கொண்டு வந்து அவர்கள் குனிகிற இடத்திலெல்லாம் பிடித்தாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். என்னை உதறிவிட்டாள். எத்தனையோ வருஷம் கழித்து அரசாங்கம் அவள் புருஷனைத் தேடுகிறது. அவளால் சும்மா நிற்க முடியவில்லை.

ஒன்றுமில்லை என்று அவர்கள் வெளியே வந்தார்கள். சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டு படியிறங்கினார்கள். அக்கா விளக்கோடு அவர்கள் பின்னாலேயே வந்தாள்.

"மேல அட்டாலிய இன்னும் பாக்கலீங்களே ராளாமி" என்றாள். "அதையும் ஒருக்கா பாத்துட்டுப் போங்க."